தண்ணீர் குடிக்காத முகாம்

எங்கள் டிப்போவிலிருந்து எந்த பஸ்ஸும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. பயணிகள் எங்களைத் திட்டாத நாளும் இல்லை. ஆனால் பூகம்பத்தில் பாதி ஊர் சரிந்தபோது இடியாமல் நின்றது அந்த டிப்போதான். வீடு போனவர்களும், நின்ற வீட்டுக்குள் போகப் பயந்தவர்களும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். பஸ் கழுவும் இடத்திலிருந்து டீசல் பம்பு வரைக்கும் தார்ப்பாய்க் கூடாரங்கள் முளைத்தன. டிப்போ மேனேஜரே முகாமுக்கும் பொறுப்பாளர் ஆனார்.

நான் அந்த டிப்போவில் கண்டக்டர். ஆனால் ஆரம்ப நாட்களில் முகாமில் நான் தங்கவே இல்லை. எங்கள் பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடிபட்டவர்களைப் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் வருவதுமாக இருந்தேன். ஓட்டியவர் பிரேக் அண்ணன். காலி ரோட்டிலும் திடீரென்று பிரேக் போட்டு, பயணிகளை ஒருவர் மடியில் ஒருவர் உட்கார வைப்பார் என்பதால் அந்தப் பெயர். அடுத்தடுத்து வந்த அதிர்வுகளில் பாலம் விரிசல் விட்டது. பாலத்தை மூடினார்கள். எங்கள் ஓட்டமும் நின்றது.

திரும்பி வந்து பார்த்தால், அண்ணி கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தாள்.

அண்ணி ஏழு மாதக் கர்ப்பிணி. என் கூடப் பிறந்த அண்ணனுக்குக் கப்பலில் வேலை. தகவல் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவன் இன்னும் வந்து சேரவில்லை. நான் கிளம்பிய அன்று அவளைக் கூடாரத்தில் உட்கார வைத்தபோது நன்றாகத்தான் இருந்தாள். "நாத்தனார்னா கொஞ்சமாவது வாயடக்கம் வேணும். உனக்கு வாய்க்குப் பதிலா ஹாரனை வெச்சு அனுப்பிட்டாங்க" என்று கிண்டல்கூடச் செய்தாள். இப்போது நெற்றியைத் தொட்டால் சுட்டது. உதடு வெடித்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"எப்போலேர்ந்து அண்ணி?"

"ஒண்ணுமில்லை. சூடு பிடிச்சிருக்கு."

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் குடும்பத்துப் பெண்கள் எத்தனை நோயை வளர்த்திருக்கிறார்கள்! கைத்தாங்கலாக முகாமின் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். டிக்கெட் மெஷின்கள் வைக்கும் அறைதான் இப்போது டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. நாங்கள் கட்டு கட்டாகச் சில்லறை எண்ணும் மேசையில் அண்ணியைப் படுக்க வைத்துப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

"சிறுநீர்ல கிருமி. கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. அதனாலதான் ஜுரம். வலி விட்டு விட்டு வருது பாருங்க, அது பிரசவ வலியோட ஆரம்பம். மாத்திரையும் ஊசியும் கொடுக்கிறேன். ஆனா தண்ணி நிறையக் குடிக்கணும், அடக்காம போகணும். அதைச் செஞ்சா வலியை நிறுத்திடலாம்."

"நிக்கலைன்னா?"

"குழந்தை இப்பவே பிறக்கும். ஏழு மாசக் குழந்தையைக் காப்பாத்துற மெஷின் எல்லாம் பாலத்துக்கு அந்தப்பக்கம். என்கிட்ட இருக்கிறது ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் ரெண்டு கையும்தான்."

டாக்டரம்மா நிறுத்தவில்லை. "இங்க வர்ற பொண்ணுங்கள்ல பாதிப்பேருக்கு இதே நோய். தண்ணி குடிங்க, குடிங்கன்னு தொண்டை வத்தக் கத்துறேன். சரிங்கறாங்க. ஒருத்தியும் குடிக்கிறதில்லை. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். புகார் எதுவும் வரலையேங்கறார்."

கூடாரத்துக்கு வந்து சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணி உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடியும் நனைத்தாள். ஆத்திரத்தை அடக்கினாலும் அடக்கலாம், மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். எனக்கு முதலாவதும் வராது.

"குடிக்கப் போறீங்களா, இல்லை மூக்கைப் பிடிச்சு ஊத்தட்டுமா?"

"குடிச்சா போகணுமே." அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அங்க போக என்னால முடியாது."

அங்கே என்றால் டிப்போவின் பின்சுவர். கழிவுக்குழி அங்கேதான் என்பதால், பெண்களுக்கான தகரக் கழிப்பறைகளை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். போகும் வழி வொர்க்‌ஷாப்பைச் சுற்றிக்கொண்டு, ஓட்டை உடைசல் பஸ்களுக்கு நடுவே போகும். வழியின் தொடக்கத்தில் போன் சார்ஜ் போடும் மேசை. பகல் முழுக்க அங்கே ஆண்கள் கூட்டம். யார் போகிறாள், எத்தனை தரம் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். இருட்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, வெளியே கொக்கி மட்டும்தான். விடியுமுன் எல்லாப் பெண்களும் கும்பலாக ஒரு முறை போய்விட்டு வருவார்களாம். அதோடு சரி. மறுநாள் விடியும்வரை தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்களாம்.

"ஒரு நாள் சாயங்காலம் போனேன்" என்றாள் அண்ணி. "கதவை யாரோ இழுத்துத் திறந்தாங்க. டார்ச் வெளிச்சம் மூஞ்சி மேல. நான் கத்தலை. சத்தமே வரலை எனக்கு."

"யாரு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேராக மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீடும்தான் போயிருந்தது. ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு, தூங்காமல் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் சிரமம்.

"புகார் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "ஆண்கள் பக்கம்தான் நாறிக் கிடக்கு. பெண்கள் பக்கம் போய்ப் பாரு, வெச்ச நாள் மாதிரியே பளபளன்னு இருக்கு. பார்வையிட வந்தவங்ககூடப் பாராட்டிட்டுப் போனாங்க."

"யாருமே ஏறாத பஸ்ஸு சுத்தமாத்தான் சார் இருக்கும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது.

"இடத்தை மாத்த முடியாதும்மா. குழி அங்கதான் இருக்கு. புதுசா தோண்ட மெஷின் கிடையாது. ஜெனரேட்டர் டாக்டருக்கே பத்தலை. என்னால முடிஞ்சது, காவலுக்கு ஆள் போட்டிருக்கேன். டார்ச்சு பொழுதன்னைக்கும் அங்கதானே நிக்கிறார்?"

டார்ச் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த மனிதர் பக்கத்துத் தெருக்காரர், தொண்டராக வந்தவர். தோளில் எப்போதும் நீளமான டார்ச் லைட், கழுத்தில் விசில். அந்த வழியின் முனையில் இருந்த சாமான் அறைச் சாவியும் அவரிடம்தான். போர்வை, சோப்பு, பெண்களுக்கான நாப்கின், எல்லாம் அவர் கையால்தான் வாங்க வேண்டும். அண்ணியின் கூடாரத்தைக் கட்டும்போது கயிறு இழுத்துக் கட்டியவரும் அவரே. "நீங்க தைரியமா டியூட்டிக்குப் போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு நான் போனேன்.

"இடத்தை மாத்த வேண்டாம் சார்" என்றேன். "வழியை மாத்தலாம். பஸ்ஸுங்க சும்மாத்தானே நிக்குது? கூடாரத்துலேர்ந்து கழிப்பறை வரைக்கும் ரெண்டு வரிசையா, மூக்கும் வாலும் ஒட்டுற மாதிரி நிறுத்தினா நடுவுல ஒரு சந்து கிடைக்கும். வெளியிலேர்ந்து ஒருத்தனும் நுழைய முடியாது. பஸ்ஸுக்குள்ள பொண்ணுங்க உக்காந்து காவல் இருக்கலாம். உள் லைட்டு பேட்டரியில எரியும்."

"டீசல்? இருக்கிற கொஞ்சத்தையும் ஆம்புலன்சுக்குன்னு மேலிடம் எழுதி வெச்சிருக்கு. ஒரு சொட்டு தொட முடியாது."

"டீசலைத் தொடவே மாட்டேன். தள்ளிக்கறோம்."

"பஸ்ஸையா? நீங்களா?"

"இந்த டிப்போ பஸ்ஸுல ஏறின எந்தப் பொம்பளைக்கு சார் தள்ளத் தெரியாது?"

அத்தனை நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "யாருக்கும் அடிபடக் கூடாது. அது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுச் சாவிகளை எடுத்துத் தந்தார்.

கூடாரங்களுக்கு நடுவில் நின்று விசிலை ஊதினேன். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன வேலை, எதற்கு என்று என் ஹாரன் குரலில் சொன்னேன். நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. "அடக்கி அடக்கி நோயில விழுந்தது போதும். வாங்க, தள்ளலாம்" என்றேன். முதலில் டெய்லரக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கிறவர், ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். கல்லூரிப் பெண்கள், பள்ளிக்கூட டீச்சர், கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்த ஒருத்தி.

பிரேக் அண்ணன் ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடாவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் பாதிதான் பிடிக்கும். அதோடு எங்கள் டிப்போ தரை, கழுவின தண்ணீர் ஓடுவதற்காகப் பின்சுவரைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஆகவே தள்ளுவதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. சக்கரத்தோடு கூடவே கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வைத்தேன்.

"அண்ணே, உங்க பேரைக் காப்பாத்துங்க" என்று டெய்லரக்கா கத்தினார்.

"வாழ்நாள் பூரா பிரேக் போட்டதுக்குத் திட்டினீங்க. இன்னிக்குக் கெஞ்சறீங்க!" என்று மேலே இருந்து பதில் வந்தது.

முதல் பஸ் முனகியது, அசையவில்லை. "ரைட், ரைட்!" என்று கத்தினேன். முதுகைக் கொடுத்தார்கள், தோளைக் கொடுத்தார்கள். திடீரென்று உருள ஆரம்பித்தது. சார்ஜ் மேசையிலிருந்த ஆண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு சிலர் கைகொடுக்க வந்தார்கள். மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பின்னால் நின்று தள்ளினார். அவர் தள்ளியதால் பஸ் நகர்ந்ததா என்பது வேறு விஷயம்.

மூன்றாவது பஸ் பாதிச் சரிவில் இருக்கும்போது தரை ஆடியது. அதிர்வு வந்தால் திறந்த வெளிக்கு ஓட வேண்டும் என்பது அந்த நாட்களில் எங்கள் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. ஆண்கள் இரண்டு பேர் ஓடியேவிட்டார்கள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கப் பார்த்தது. கீழே கட்டையோடு டீச்சர் நின்றிருந்தார். "விடாதீங்க!" என்று யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை, நானாகத்தான் இருக்கும். ஒருத்தியும் விடவில்லை. ஜன்னல் கம்பியையும் ஏணியையும் பிடித்து இழுத்தபடி தொங்கினார்கள். டீச்சர் கட்டையைச் சக்கரத்துக்கடியில் கொடுத்து உதைத்து இறுக்கினார். தரை அடங்கியது. எனக்கு அழுகையாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

வேலை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. வொர்க்‌ஷாப் மெக்கானிக் பழைய பஸ்களின் டிக்கித் தாழ்ப்பாள்களைக் கழற்றி வந்து கழிப்பறைக் கதவுகளுக்கு உள்பக்கம் மாட்டினார். இரண்டு பஸ் வரிசைக்கு நடுவே நேரான, அகலமான சந்து. பஸ் விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் இருபுறமிருந்தும் தரையில் விழுந்தது. ஜன்னலோர சீட்டுகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

வேலை நடக்கும்போதே டெய்லரக்கா என் காதருகில் ஒன்று சொல்லியிருந்தார்: "பஸ்ஸை நகர்த்திட்ட. இன்னும் ஒண்ணை நகர்த்தணும்." என்னவென்று கேட்பதற்குள் போய்விட்டார். அடுத்த பஸ்ஸின் அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

அண்ணியை எழுப்பிக் கூட்டி வந்தேன். என் தோளைப் பிடித்து மெல்ல நடந்தாள். நடுவில் ஒரு வலி வந்து நின்றுவிட்டு, மறுபடி நடந்தாள். சந்தின் வாசல் வரைக்கும் வந்தாயிற்று. அங்கே, சாமான் அறைக் கதவில் சாய்ந்தபடி, தோளில் டார்ச்சுடன் அவர் நின்றிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. பயப்படாம போங்க. நான் இருக்கேன்ல."

அண்ணியின் நகம் என் தோளில் இறங்கியது. அப்படியே திரும்பிவிட்டாள்.

கூடாரத்துக்குள் வந்ததும் நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "கதவை இழுத்தது அந்த ஆளுதான். தெரியாம திறந்துட்டேன்னு சொன்னான். சொல்லிட்டு அங்கயே நின்னான், வெளிச்சத்தை எடுக்காம. எனக்கு மட்டும் இல்லை. யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். போர்வை அவன் கையில, நாப்கின் அவன் கையில, காவலும் அவனே. யாருகிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நாங்கள் நாள் முழுக்க முதுகொடியத் தள்ளி, அந்த வேலிக்கு விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எனக்குக் கண் இருட்டியது. டிக்கெட் பையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தேன். அவனை இழுத்துப் போட்டு மிதிப்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் இல்லை.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜுரக் கை, ஆனால் பிடி இரும்பு. "உக்காரு. நீ அடிச்சா, கண்டக்டரம்மாவுக்குக் கோவம் ஜாஸ்தின்னு பேசிட்டுப் போயிடுவாங்க. அவன் செஞ்சது மறைஞ்சிடும். நான் பேசறேன். அந்தச் சொம்பை எடுத்துக் கொடு."

சொம்பு நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள். கூடாரங்களைத் தாண்டி, பஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற மேனேஜரின் முன்னால் போய் நின்றாள். நாலு பேர் முன்னால் அதிர்ந்து பேசாதவள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"சார், டாக்டரம்மா என்னைத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. குடிக்கலைன்னா என் குழந்தை தங்காது. ஆனா அந்த ஆளு அங்க நிக்கிற வரைக்கும் நான் குடிக்க மாட்டேன். நான் உள்ள இருக்கும்போது கதவைத் திறந்து டார்ச் அடிச்சவன் அவன்."

அவன் சிரித்தான். "ஐயோ, என்னம்மா இது! ஜுரத்துல ஏதோ உளர்றாங்க சார். யாராவது இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா, கேளுங்க!"

அவன் கேட்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. டெய்லரக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றார். "நான் சொல்றேன். நானும் குடிக்கலை." அவருக்குப் பின்னால் டீச்சர். "நாப்கின் கேக்கப் போன என் மாணவிகிட்ட இவன் என்ன கேட்டான்னு நான் சொல்லவா, இவனே சொல்றானா?" பஸ்களிலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சிலர் பேசினார்கள். சிலர் எதுவும் பேசாமல் வந்து அண்ணியின் பின்னால் நின்றார்கள். சந்து முழுக்கப் பெண்கள். அவன் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் இவனை இங்க நிறுத்தினேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவன் தோளிலிருந்த டார்ச்சையும் கழுத்திலிருந்த விசிலையும் தன் கையாலேயே கழற்றினார். சாமான் அறைச் சாவியை வாங்கி டெய்லரக்காவிடம் கொடுத்தார். கேட்டில் இருந்த போலீஸ்காரர்களைக் கூப்பிட்டனுப்பினார். "தொண்டு செய்ய வந்தவரு சார், பேசித் தீர்த்துக்கலாமே" என்று யாரோ இழுத்தார்கள். "பேசியாச்சு, கேக்கலையா?" என்றார் பிரேக் அண்ணன். அவனைக் கூட்டிப் போனார்கள். நடந்ததைப் போலீஸிடம் சொல்ல டீச்சரும் மாணவியும் கூடவே போனார்கள்.

அண்ணி அங்கேயே நின்றபடி, எல்லார் முன்னாலும், சொம்பை உயர்த்திக் குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கடைவாயில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. காலிச் சொம்பை என்னிடம் நீட்டினாள். "இதை நிரப்பி வை. போயிட்டு வந்து இன்னொண்ணு குடிக்கணும்." சந்துக்குள் தனியாக நடந்து போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாளும் வலி வந்தது. எங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அண்ணி குடித்தாள், போனாள், வந்தாள், மறுபடி குடித்தாள். அதற்கு அடுத்த நாள் வலிக்கு வலி இடைவெளி நீண்டது. ஜுரம் இறங்கியது. டாக்டரம்மா மேசையில் படுத்திருந்த அண்ணியின் வயிற்றில் கைவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கையை எடுத்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நின்னுடுச்சு" என்றார்.

நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அவள் அழவில்லை. நாப்கின்களைக் கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய்க் கொடுக்க டெய்லரக்கா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் வேண்டுமாம், உட்கார்ந்தபடி பிரித்து அடுக்கித் தந்தால் போதுமாம். அண்ணி மேசையிலிருந்து இறங்கினாள், செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து, தன் வயிற்றைப் பார்த்து அதட்டினாள்.

"உள்ளயே இரு. எங்களுக்கு வெளிய இன்னும் வேலை இருக்கு."